பழைய ஆர்ட் கேலரியின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

"அப்பா காலத்துப் பேப்பர் எல்லாம் பீரோவுல அப்படியே இருக்கு சார். ஐம்பதாவது வருஷம் வருது, ஒரு புத்தகம் போடணும்" என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது, பீரோ தரைத்தளத்திலா மாடியிலா என்பதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் எந்தப் பழைய காகிதத்தைத் தேடிப் போனாலும் பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது. நான் ராயப்பேட்டையில் ஃப்ரேம் கடையில் தொழில் பழகியவன். பிறகு கேலரிகளில் படம் மாட்டும் ஆளாக இருந்தேன். இப்போது அந்தக் கேலரிகளின் பழங்கதையைத் தொகுத்துக் கொடுக்கிறேன். இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

பீரோவைத் திறந்ததும் அடுக்க ஆரம்பிக்காதீர்கள். எந்தக் காகிதம் எதன் மேல் கிடந்தது என்பதே ஒரு தகவல். கிடக்கிறபடியே படம் எடுத்துக்கொண்டு பிறகு கை வையுங்கள். ரப்பர் பேண்ட், குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் பின் துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்றுவிடும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். "பத்திரமா இருக்கட்டும்னு லேமினேட் பண்ணிட்டோம்" என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் சிரித்துவிட்டு நகர்வதைத் தவிர வழியில்லை. இராமபாணப் பூச்சி அரித்ததையாவது ஓரளவு காப்பாற்றலாம்.

அடுத்தது தொடங்கிய ஆண்டு. எல்லோரும் ஒரே ஒரு ஆண்டு கேட்பார்கள், ஆனால் எந்த இடத்துக்கும் பிறந்தநாள் ஒன்றாக இருப்பதில்லை. சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் ஓவியர்கள் சேர்ந்து அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966 என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், சரிதான். அப்போது அதைத் தொடங்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின் முதல்வர். 1957 முதல் அந்தப் பதவியில் இருந்தார். ஆனால் ஈஞ்சம்பாக்கத்து மணலில் நிலம் வாங்க ஓவியர்கள் மெழுகு தடவிச் சாயமேற்றும் பாட்டிக் துணி செய்து விற்றுப் பணம் சேர்த்தது அதற்கு முன்பு. இதே ஆட்கள் கூடிப் பேசிய புரோகிரசிவ் பெயிண்டர்ஸ் அசோசியேஷன் 1944இல் வந்தது. அவர்கள் நடத்திய 'ஆர்ட்ரெண்ட்ஸ்' பத்திரிகை 1961. இன்று நாம் டிக்கெட் வாங்கி உள்ளே போகும் அருங்காட்சியகம் 2009இல் திறந்தது. ஆகவே நிலம் வாங்கியது, சங்கம் பதிந்தது, முதல் குடிசை, முதல் கண்காட்சி, இப்போதைய கட்டடம் என்று தனித்தனியாகத் தேதி எழுதுங்கள். முதலாளி வீட்டார் எதைக் கொண்டாடினாலும் கொண்டாடட்டும்.

இனி அழைப்பிதழ். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பழைய அழைப்பிதழ்களில் கிழமை இருக்கும், தேதி இருக்கும், மாலை எத்தனை மணி என்பதும் இருக்கும். ஆண்டு மட்டும் இருக்காது. 'மார்ச் 14, சனிக்கிழமை' என்று ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 14 சனிக்கிழமையாக வந்த ஆண்டுகள் 1964, 1970, 1981, 1987, 1992, 1998. முகவரியில் 600 என்று தொடங்கும் பின்கோடு இருந்தால் 1964, 1970 இரண்டையும் அடித்துவிடலாம், ஏனென்றால் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டில். பின்கோடு இல்லாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 'சென்னை-6' என்று இன்றும் எழுதுகிறார்கள். ஊர் பெயர் 'மெட்ராஸ்' என்றிருந்தால் 1998 பெரும்பாலும் இல்லை, 1996இல் பெயர் மாறிவிட்டது. மிச்சம் மூன்று. இப்போது அட்டையைத் திருப்பி விரலால் தடவுங்கள். அச்செழுத்து அழுத்திய தடம் பின்பக்கம் புடைத்துத் தெரிந்தால் அது ஈய எழுத்து கோத்து அடித்தது. 1992ஐ விட 1981 பக்கம் சாயலாம். சாய்வுதான், முடிவு இல்லை. போன் நம்பரில் இலக்கம் குறைவாக இருந்தாலும் அதே பக்கம்தான் சாயும். கடைசியாக, எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் அந்த மூன்று ஆண்டுகளின் மார்ச் 14 செய்தித்தாளை மட்டும் கேட்டுப் பாருங்கள். அன்றைய நிகழ்ச்சிகள் பத்தியில் ஒரு வரி கிடைத்தால் போதும். பல வருடக் கட்டுகளைப் புரட்டும் வேலை ஒரு பிற்பகலில் முடியும்.

தெருப் பெயரும் உதவும். அழைப்பிதழில் 'அண்ணா சாலை' என்றிருந்தால் அது 1969க்குப் பிந்தியது. 'மவுண்ட் ரோடு' என்பதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது, நாமே இன்னும் அப்படித்தான் சொல்கிறோம்.

படங்களுக்கு வருவோம். முன்பக்கத்தைப் பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நீங்கள் பின்பக்கத்தைப் பாருங்கள். ஓவியர் கைப்பட எழுதிய முகவரி, கண்காட்சிச் சீட்டு, ஃப்ரேம் கடை ஸ்டிக்கர், அடித்துத் திருத்திய விலை எல்லாம் அங்கேதான் இருக்கும். விலை குறைத்துத் திருத்தப்பட்டிருந்தால் அந்தப் படம் சுவரில் நாள்பட மாட்டிக் கிடந்தது என்று அர்த்தம். கான்வாஸ் ஓரத்தில் ஆணித்துளை இரண்டு வரிசையாக இருந்தால் அதை ஒரு முறை சட்டத்திலிருந்து கழற்றியிருக்கிறார்கள். சுருட்டி வெளிநாட்டுக்குப் போய் வந்திருக்கலாம், அந்த ஆண்டுகளின் கடிதக் கோப்பில் தேடுங்கள். கடலோரத்தில் கிடந்த படத்தில் இரும்பு ஆணி துருப்பிடித்து, துணியில் பழுப்பு வளையம் விட்டிருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. புது ஃப்ரேம் போடக் கொடுத்தால் கடையில் பழைய பின்பலகையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். என் தொழில்தான், அதனால் தெரியும். கொடுப்பதற்கு முன்பே பின்பக்கத்தைப் படம் எடுங்கள், பலகையைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

ஒரு கேலரியின் ருசி எது என்று அச்சடித்த கேட்லாக் காட்டாது, விலைப்பட்டியல்தான் காட்டும். தட்டச்சு செய்த பட்டியலில் விற்றுப்போன படத்துக்கு எதிரே சிவப்புப் பொட்டு, சில சமயம் பேனாவால் ஒரு வட்டம். பொட்டு விழுந்ததை எல்லோரும் எழுதிவிடுவார்கள். பொட்டே விழாத ஓவியருக்கு அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் சுவர் கொடுத்தார்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் அதுதான் எழுத வேண்டிய கதை. கணக்கு நோட்டு கிடைத்தால் கையெழுத்தைக் கவனியுங்கள். பெயர்ப்பலகையில் அய்யா பெயர் இருக்கும், வரவு செலவு முழுக்க அம்மா கையெழுத்தில் இருக்கும். சோழமண்டலத்தைப் பற்றிப் பேசும்போதும் ஆண் பெயர்களே வரிசையாக வரும். அர்னவாஸ், அனிலா ஜேக்கப் என்று நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பெரியவர்களிடம் பேசப் போகும்போது "அந்தக் காலம் எப்படி இருந்தது ஐயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பொற்காலம் தம்பி" என்பார், அத்தோடு முடிந்தது. பொருளைக் கேளுங்கள். "படத்தை எதுல ஏத்திட்டு வந்தீங்க?" என்று நான் ஒருவரிடம் கேட்டேன். "மீன்பாடி வண்டியிலதான். மழை வந்துச்சு, என் வேட்டிய அவுத்துப் போத்துனேன்" என்று சிரித்தவர், எந்தத் தெருவில் வண்டி நின்றது, கதவைத் திறந்தது யார், கூட யாருடைய படங்கள் இருந்தன என்று தானாகவே சொல்லிக்கொண்டு போனார். ஒரு பழைய போட்டோவைக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. ஓவியரிடம் மட்டும் போய் நிற்காதீர்கள். வாட்ச்மேன், டிரைவர், ஃப்ரேம் போட்டவர் ஆகியோருக்கு யாரையும் புகழ வேண்டிய அவசியம் இல்லை. சொன்னதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு, காகிதத்தோடு ஒத்துப் பாருங்கள். சோழமண்டலத்து ஓவியர் கே. ராமானுஜம் 1973இல் இறந்துவிட்டார். எண்பதுகளில் அவரோடு டீ குடித்ததாக ஒருவர் சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு, ஆண்டை மட்டும் எழுதாமல் விடுங்கள்.

இங்கிலீஷ் பத்திரிகை விமர்சனங்களோடு நிறுத்திக்கொள்வது இங்கே பலருக்கும் பழக்கம். தமிழ்ச் சிறுபத்திரிகைகளைப் புரட்டுங்கள். 1970இல் வந்த 'கசடதபற' முதலாகப் பல இதழ்களில் ஆதிமூலம், பாஸ்கரன் போன்றவர்களின் கோட்டோவியங்கள் உண்டு. ஓவியர்களும் எழுத்தாளர்களும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்த ஊர் இது. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

எழுதும்போது வருட வாரியாகக் கண்காட்சிப் பட்டியல் ஒன்று பின்னிணைப்பாகக் கட்டாயம் வேண்டும். வாழ்த்துரைகளைக் குறைத்து அந்தப் பக்கங்களை இதற்குக் கேட்டு வாங்குங்கள். தேதி உறுதியானது, ஊகித்தது, தெரியாதது மூன்றையும் வெவ்வேறு குறியிட்டுக் காட்டுங்கள். தெரியாத ஆண்டை வெறுமையாகவே விடுங்கள். முதல் பதிப்பை முந்நூறு படிக்கு மேல் அடிக்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். புத்தகம் கைக்குப் போன மறுவாரமே "என் பெயரை விட்டுட்டீங்களே" என்று போன் வரும். அவர்களில் பாதிப் பேரிடம் அழைப்பிதழும் இருக்கும்.