நரம்பியல் வார்டில் சாப்பாட்டு வேளை: கூட இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நரம்பியல் வார்டில் காலை இட்லி வரும் நேரத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான். நோயாளி பாதி சாய்ந்து படுத்திருப்பார். மகனோ மருமகளோ பக்கத்தில் நின்றபடி, சாம்பாரில் ஊறிய இட்லியை ஸ்பூனில் அள்ளி மேலிருந்து நீட்டுவார்கள். "இன்னும் ஒரே ஒரு வாய்." ரவுண்ட்ஸ் வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. எத்தனை இட்லி உள்ளே போனது என்பதுதான் கணக்கு.

படுத்திருப்பவர் பக்கம் போய்ப் பாருங்கள். பக்கவாதம் வந்தவருக்கு வாயின் ஒரு பக்கம் மரத்துப் போயிருக்கும். அந்தக் கன்னத்தில் சோறு ஒதுங்கிக் கிடப்பதே அவருக்குத் தெரியாது. உதட்டோரம் எச்சில் வழியும். நேற்றுப் புரை ஏறி மூச்சுத் திணறியது நினைவில் இருக்கும். அடுத்த கட்டில்காரரின் உறவினர்கள் வேறு பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாலு பேருக்குச் சோறு போட்டு வளர்ந்த மனிதர், இப்போது குழந்தை மாதிரி வாயைத் திறக்க வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நாம் உடனே "அடம் பிடிக்கிறார்", "பசியில்லை போல" என்று முடிவு கட்டிவிடுகிறோம். என்னைக் கேட்டால் எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு இதுதான். பெரும்பாலும் அது பயமோ, வெட்கமோ, களைப்போ. அதை விசாரிக்காமல் ஸ்பூனை வாய்க்குள் திணித்தால் அடுத்த வேளை இன்னும் மோசமாகும்.

அடுத்த தவறு தண்ணீர். "நாக்கு வறண்டு கிடக்கிறதே, ஒரு வாய் தண்ணீர்தானே" என்று பாசத்தில் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்ட்ரோக் வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு முதல் சில நாட்களில் விழுங்குவதில் சிக்கல் இருக்கும். பலருக்கு அது சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் அதுவரை மிகவும் ஆபத்தானது தண்ணீர், காபி, இளநீர் போன்ற நீர்த்த பானங்கள்தான். தொண்டைத் தசை சுதாரிப்பதற்குள் அவை மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடும். இதில் பயங்கரம் என்னவென்றால், சிலருக்கு இருமலே வராது. நுரையீரலுக்குள் தண்ணீர் போவது வெளியே தெரியாது, பிறகு காய்ச்சலும் நிமோனியாவுமாகத்தான் வெளிப்படும். "இருமவே இல்லையே, நன்றாகத்தான் குடித்தார்" என்பதை நம்ப முடியாது. விழுங்கும் திறனைச் சோதித்தாயிற்றா என்று சிஸ்டரிடமோ டாக்டரிடமோ கேட்காமல் வாய்வழி எதையும் கொடுக்காதீர்கள், மாத்திரை உட்பட.

பாலாடையிலோ சங்கிலோ ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள். அப்படி ஊற்ற, தலையை அண்ணாத்த வேண்டியிருக்கிறது. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் வாசல் திறந்துகொள்ளும். நின்றுகொண்டு ஊட்டும்போதும் இதே கதைதான்: நம் கையைப் பார்க்க அவர் தலையைத் தூக்குவார். ஒரு ஸ்டூலைப் போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை முடிந்தவரை நேராக உயர்த்தி, முதுகுக்கும் சோர்ந்த கைக்கும் தலையணை கொடுங்கள். அரை ஸ்பூன் போதும். குரல்வளை மேலே ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய். நடுவில் "ஆ" சொல்லச் சொல்லுங்கள். தொண்டையில் தண்ணீர் நிற்பது போலக் களகளவென்று குரல் வந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

கஞ்சி, ரசம் சாதம் என்றால் பயமில்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மையில் நீரும் பருக்கையும் கலந்த உணவுதான் மிகவும் சிரமம். ரசம் முதலில் தொண்டைக்குள் ஓடும், பருக்கை வாயிலேயே நிற்கும். உலர்ந்த இட்லி, பிஸ்கட், அவல் எல்லாம் பொடிப்பொடியாக உதிரும். ஒரே பதமாக, கட்டியில்லாமல் மசித்தது பலருக்கு நல்லது. எந்தப் பதம், கெட்டிப்படுத்தும் பவுடர் வேண்டுமா, தாடையைத் தாழ்த்தி விழுங்க வேண்டுமா என்பதையெல்லாம் ஸ்பீச் தெரபிஸ்ட் ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பேச்சுக்கு மட்டும்தான் அவர் என்று நினைத்துப் பலர் அவரைக் கேட்பதே இல்லை.

தட்டையும் கவனியுங்கள். வலது மூளையில் பாதிப்பு என்றால் சிலருக்கு இடது பக்க உலகமே மனதில் பதியாது. வலப்பக்கச் சோற்றைத் துப்புரவாகச் சாப்பிட்டுவிட்டு, இடப்பக்கத்துப் பொரியலைத் தொடாமல் "போதும்" என்பார். தட்டைத் திருப்பி வையுங்கள், மீதியையும் சாப்பிடுவார். மறதி நோய் உள்ளவர்களுக்கு வேறு பிரச்சினை. வெள்ளைத் தட்டில் தயிர் சாதம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அல்சைமர் முற்றியவர்கள் சிவப்புத் தட்டில் கூடுதலாகச் சாப்பிட்டதாக 2004இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

பார்கின்சன் நோயாளிக்கு நேரம்தான் எல்லாம். லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் கையும் வாயும் தொண்டையும் ஒத்துழைக்கும். மருந்தின் வீரியம் இறங்கிவிட்டால் ஸ்பூன் வாய்வரை வருவதே பாடு. வீட்டில் காலை ஆறரைக்குப் போட்டுக்கொண்டவருக்கு வார்டில் எட்டு மணிக்கு மாத்திரையும் டிபனும் ஒன்றாக வந்தால், அன்றைய சாப்பாடு கெட்டது. பால், முட்டை, பருப்பில் உள்ள புரதம் இந்த மருந்து உடலில் சேர்வதோடு போட்டி போடும். அதனால் பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே மாத்திரை போடச் சொல்வார்கள். அட்மிஷன் அன்றே வீட்டு மாத்திரை நேரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். விழுங்க முடியவில்லை என்று மெதுவாகக் கரையும் மாத்திரையை நீங்களே பொடிக்காதீர்கள். அப்புறம், வாந்திக்கு வழக்கமாகத் தரும் மெட்டோகுளோப்ரமைடு இவர்களுக்கு ஆகாது. ஊசி போடுவதற்கு முன் பார்கின்சன் இருப்பதை ஞாபகப்படுத்துங்கள்.

மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப் போட்டுவிட்டால் கவலை விட்டது என்றும் இருந்துவிட முடியாது. குழாயில் கொடுக்கும்போதும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். "நாக்குக்கு ருசியாக" என்று யாருக்கும் தெரியாமல் வாயில் எதையாவது வைக்கக் கூடாது. ருசிக்கான ஏக்கம் நியாயமானதுதான், அதை தெரபிஸ்டிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். எல்லோரும் சாப்பிடும் வேளையில் அவர் முன்னால் டிபன் பாக்ஸைத் திறக்காமலிருப்பது ஒரு மரியாதை.

மரியாதை என்றதும், ஸ்பூனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கும் கையில் அதைக் கொடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் அவர் கைக்கு அடியில் உங்கள் கையை வைத்துத் தூக்குங்கள். சிந்தினால் சிந்தட்டும், மடியில் ஒரு துண்டு போதும். பேச்சு வராதவரிடம் இட்லியையும் இடியாப்பத்தையும் காட்டினால் கண்ணாலேயே சொல்லிவிடுவார். திரை இருந்தால் இழுத்துவிடுங்கள். பார்க்க வந்தவர்களை அந்த அரைமணி நேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். களைத்துவிட்டால் நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கொஞ்சம் கொடுக்கலாம்.

சாப்பிட்டு முடித்த கையோடு படுக்க வைக்காதீர்கள். அரைமணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். செல்போன் டார்ச்சில் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா பார்த்து, வாயைச் சுத்தம் செய்யுங்கள். வாயால் சாப்பிடாதவருக்கும் இது வேண்டும், ஏனென்றால் எச்சிலோடு இறங்கும் வாய்க் கிருமிகளும் நுரையீரலைக் கெடுக்கும். அன்று சாயங்காலம் காய்ச்சலோ, மேல்மூச்சோ, நெஞ்சில் சளிச் சத்தமோ வந்தால் மறுநாள் ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம். மதியம் என்ன கொடுத்தீர்கள், எப்போது இருமினார் என்பதையும் சேர்த்து அப்போதே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள்.