விசித்திர வடிவ பாஸ் கிடாரைப் பார்க்கும் முறை

ஒரு கஸ்டம் பாஸ் கிடாரின் படத்தை எடுத்து நாலு பாஸ் வாசிப்பவர்கள் நடுவில் போடுங்கள். பாடியிலிருந்து (உடல்பகுதி) நெக்கின் (கழுத்து) பக்கமாக நீளும் கொம்பு ஒன்று வழக்கத்தைவிட நீண்டிருக்கட்டும், அல்லது நெக்கின் முனையில் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கே இல்லாமல் இருக்கட்டும். அரை நிமிடத்தில் இரண்டு கட்சியாகிவிடும். ஒருவர் ‘சிற்பம்’ என்பார், இன்னொருவர் ‘கண்றாவி’ என்பார். இருபது வருடமாக பாஸ் வாசிக்கிறேன், இந்தச் சண்டையில் தலையிடாமல் ஒரு தடவையும் என்னால் இருக்க முடிந்ததில்லை. அவசரப்பட்டு ஒரு நல்ல கருவியை ஒதுக்கியதும் உண்டு, மோசமான ஒன்றுக்காக வாதாடியதும் உண்டு. அதனால் இப்போது பார்ப்பதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், படத்தை நம்பாதீர்கள். கைப்பேசியைக் கிட்டத்தில் பிடித்து எடுத்தால் லென்ஸுக்கு அருகில் இருக்கும் பாடி ஊதிப்போகும், ஹெட்ஸ்டாக் தீக்குச்சித் தலை மாதிரி சுருங்கிவிடும். 34 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங்கின் அதிரும் நீளம்) உள்ள சாதாரண பாஸே நுனிக்கு நுனி கிட்டத்தட்ட நாலடி வரும். அதனால் இந்தக் கோளாறு கிடாரைவிட பாஸில் அதிகம் தெரியும். நீங்களே எடுப்பதாக இருந்தால் பத்தடி தள்ளி நின்று, ஜூம் செய்து, கருவியின் நடுப்பகுதிக்கு நேராக கேமராவைப் பிடியுங்கள். அடுத்தவர் எடுத்ததாக இருந்தால், யாராவது அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் படம் ஒன்று கேளுங்கள். ஸ்டாண்டில் பூதம் மாதிரி நின்ற பாஸ், ஆள் மேல் ஏறியதும் அடங்கி உட்கார்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து நிறத்தை எடுத்துவிடுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் போதும்; நேரில் என்றால் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். சுழிசுழியாக ரேகை ஓடும் பர்ல் மரமும் பளபளக்கும் ஃபினிஷும் கண்ணைக் கட்டிவிடும். அவை போனால் மிஞ்சுவது வெளிக்கோடு. நட்டிலிருந்து (ஹெட்ஸ்டாக் பக்கம் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் கட்டை) பாடியின் மேல் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வரை ஸ்ட்ரிங்குகள் போகும் பாதையை மனதில் ஒரு கோடாக இழுத்து, பாடி அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பிறகு வெளிக்கோட்டின் மேல் ஒரு விரலை வைத்துச் சுற்றி ஓட்டுங்கள். விரல் தயங்கும் இடத்தில் இரண்டு வளைவுகள் சரியாகச் சேரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் கீழ்க்கொம்பு நெக்கைச் சந்திக்கும் இடத்தில்தான் இப்படி ஆகும்.

இனி ஒவ்வொரு வளைவும் எதற்கு இருக்கிறது என்று கேட்க வேண்டும். மேல்கொம்பிலிருந்து ஆரம்பியுங்கள். 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பாஸின் மேல்கொம்பு அப்படி நீண்டிருப்பது சமநிலைக்காக. நெக் நீளம், அதன் முனையில் ஸ்ட்ரிங்கை முறுக்கிச் சுருதி சேர்க்கும் நாலு கனமான ட்யூனர்கள். கொம்பின் நுனியில் தோள்பட்டியை மாட்டும் ஸ்டிராப் பட்டன் ஏறக்குறைய பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நேராக வந்தால்தான் பாஸ் தோளில் நிலையாக நிற்கும். 1963-இல் வந்த கிப்ஸன் தண்டர்பேர்டை வரைந்தவர் ரே டீட்ரிக் என்ற கார் வடிவமைப்பாளர். அதைப் பார்த்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் மேல்பக்கம் குட்டை, தலை கனம். கையை விட்டால் நெக் கீழே சாயும். அதைத் தெரிந்தே வாங்கிக் காலமெல்லாம் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் காதல் எனக்குப் புரிகிறது.

என் கதையும் இந்த இடத்தில்தான் வருகிறது. பதினொரு வருடத்துக்கு முன் ஐந்து ஸ்ட்ரிங் பாஸ் ஒன்று செய்யச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தேன். அவர் வரைந்து காட்டியதில் மேல்கொம்பு எனக்கு ரொம்ப நீளமாகப் பட்டது. “தந்தம் மாதிரி துருத்துகிறது, ரெண்டு அங்குலம் குறைச்சிடுங்க” என்றேன். “தலை இறங்கும் சார்” என்றார். நான் பிடிவாதமாக நின்றேன். கருவி வந்தது. வால்நட் பாடி, மேப்பிள் நெக், குட்டையான கொம்பு. சுவரில் மாட்டினால் கண்ணை எடுக்க முடியாது. தோளில் மாட்டினால் ஹெட்ஸ்டாக் மெதுவாகத் தரையை நோக்கிப் போகும். இடது கை ஸ்வரத்தையும் பிடிக்க வேண்டும், நெக்கையும் தாங்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கடுக்கும். வழுக்காத அகலமான தோல் ஸ்டிராப், எடை குறைந்த ட்யூனர்கள் என்று மாற்றிப் பாதி சரிசெய்தேன். மீதிப் பாதி அந்த இரண்டு அங்குலத்தில் இருக்கிறது. இப்போது அதை உட்கார்ந்து மட்டும் வாசிக்கிறேன்.

அதனால், கஸ்டம் ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் ஓர் அட்டை பாஸ் செய்யுங்கள். கெட்டி அட்டையோ மெல்லிய பிளைவுட்டோ, நாலடி நீளம் வேண்டும். நடுவில் ஒரு நேர்கோடு போடுங்கள். ஹெட்ஸ்டாக்குக்கு இடம் விட்டு நட்டைக் குறியுங்கள். அங்கிருந்து 17 அங்குலத்தில் பன்னிரண்டாவது ஃபிரெட், 34 அங்குலத்தில் பிரிட்ஜ். இந்தக் கோட்டைச் சுற்றி உங்கள் வடிவத்தை முழு அளவில் வரைந்து வெட்டுங்கள். ஸ்டிராப் பட்டன் வரும் இரண்டு இடத்திலும் ஓட்டை போட்டு நாடா கட்டி, மாட்டிக்கொண்டு ஆளுயரக் கண்ணாடி முன் நில்லுங்கள். முதல் ஃபிரெட்டுக்கு இடது கை சிரமமில்லாமல் எட்டுகிறதா? வலது முன்கை பாடியின் விளிம்பில் எங்கே படுகிறது? உட்கார்ந்தால் கீழ்க்கொம்பு தொடையில் குத்துகிறதா? எல்லாம் பார்த்தபிறகு பத்தடி பின்னால் போய் மறுபடி பாருங்கள், ஏனென்றால் கேட்க வருபவர்கள் அந்தத் தூரத்திலிருந்துதான் பார்க்கப் போகிறார்கள். அட்டைக்கு எடை இல்லை, தலை இறங்குமா என்று அது சொல்லாது. ஆனால் பட்டன் பன்னிரண்டாவது ஃபிரெட்டிலிருந்து எத்தனை அங்குலம் பின்தங்கியிருக்கிறது என்று அளக்கலாம். அந்த அளவு கூடக்கூட செய்பவரிடம் அதிகம் கேள்வி கேளுங்கள்.

கொம்பே இல்லாமல் ஜெயித்த வடிவமும் இருக்கிறது. நெட் ஸ்டைன்பெர்கர் என்ற வடிவமைப்பாளர் ஹெட்ஸ்டாக்கை அடியோடு நீக்கி, ட்யூனர்களை பாடியின் வால்பக்கம் கொண்டுபோனார். 1980-களில் மேடைகளில் பரவிய அந்த பாஸின் பாடி துடுப்பு அகலம்தான், கார்பன் ஃபைபரில் செய்தது. பின்புறம் சுழலும் ஒரு தகட்டில் ஸ்டிராப்பை மாட்ட வேண்டும்; எந்தக் கோணத்தில் வைத்தாலும் அங்கேயே நிற்கும். தலையில் கனமே இல்லாதபோது கொம்புக்கு வேலை இல்லை. ‘தலையை வெட்டிவிட்டார்களே’ என்று வருத்தப்படுபவர்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் மறுபடி ஒருமுறை பார்க்கிறார்கள்.

சாய்ந்த ஃபிரெட்டுகளும் அப்படித்தான். முதல்முறை பார்ப்பவருக்கு ஃபிரெட்போர்டு முறுக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். டிங்வால் நிறுவனத்தின் பாஸ்களில் தடித்த பி ஸ்ட்ரிங்கின் ஸ்கேல் 37 அங்குலம், மெல்லிய ஜி ஸ்ட்ரிங்குக்கு 34. நீளம் கூடினால் அதே சுருதிக்கு இழுவிசையும் கூடும், அந்தத் தடித்த ஸ்ட்ரிங் தொளதொளக்காது. ரால்ஃப் நோவாக் என்ற கிடார் தயாரிப்பாளர் இதற்கு 1989-இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் 16-ஆம் நூற்றாண்டில் இருந்த ஆர்ஃபேரியன் என்ற கருவியிலேயே சாய்ந்த ஃபிரெட்டுகள் உண்டு, ஆகவே இதைப் புதுப் பைத்தியம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம்.

சில சமயம் காரணம் வாசிப்பவரின் உடம்பில் இருக்கும். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி இடதுகைக்காரர். 1961-இல் ஹாம்பர்கில் ஹோஃப்னர் வயலின் பாஸ் அவரை ஈர்த்ததற்கு ஒரு காரணம், இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பது.

ஸ்ட்ரிங் எண்ணிக்கை கூடினால் விகிதம் மாறும், பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. பிரிட்ஜில் இடைவெளி 19 மி.மீ. என்றால் நாலு ஸ்ட்ரிங்குக்கு 57 மி.மீ. போதும், ஆறுக்கு 95 மி.மீ. வேண்டும். அவ்வளவு அகலமான நெக்கை நாலு ஸ்ட்ரிங் பாடியில் அப்படியே சொருகினால் குழந்தை அப்பா சட்டையைப் போட்ட மாதிரிதான் இருக்கும். பாடியின் இடுப்பு எங்கே ஒடுங்குகிறது, ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பும் திருகும் நாப்களும் எங்கே உட்காருகின்றன என்று எல்லாவற்றையும் செய்தவர் திரும்ப வரைந்திருக்கிறாரா என்று பாருங்கள்.

மரத்தைப் பற்றி இரண்டே விஷயம். பர்ப்பிள்ஹார்ட்டின் ஊதா வெளிச்சம் பட்டுப்பட்டுப் பழுப்பாகும், பதாக்கின் செம்மஞ்சளும் கருத்துப்போகும். இன்றைய நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மேல்பலகை புத்தகத்தை விரித்தாற்போல் இரண்டு துண்டாக ஒட்டியது என்றால், ஒட்டுக்கோடு ஸ்ட்ரிங்குகளின் நடுக்கோட்டோடு சேருகிறதா பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் கண் பிடித்துவிடும். அப்புறம் வேறெதுவும் தெரியாது.

சரி, இவ்வளவும் பார்த்தாயிற்று, இப்போது பேசலாம். ‘அசிங்கம்’ என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ‘ஹெட்ஸ்டாக் கூர்மை, பாடி உருண்டை, இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன’ என்று சொல்லுங்கள். செய்தவர் அதை வைத்துப் பென்சிலை எடுக்கலாம். நெக் உட்காரும் இடத்தில் இடைவெளி தெரிந்தால், ஃபிரெட் முனை கையைக் கீறினால் அது வேலையின் குறை. அதைத் தயங்காமல் சொல்லலாம். கொம்பு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் ரசனை. அதையும் சொல்லலாம், ஆனால் ‘எனக்கு’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் நண்பரிடம் ஆறு ஸ்ட்ரிங் சிங்கிள்கட் பாஸ் ஒன்று இருக்கிறது. மேல்கொம்பு தனியாக நிற்காமல், பாடியே பன்னிரண்டாவது ஃபிரெட் வரை ஏறி நெக்கோடு சேர்ந்துவிடும். முதல் நாள் பார்த்ததும் ‘பாதி அறுத்த பலகை’ என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் மடியில் வாங்கி வாசித்தேன். இடது கை மேலே ஏறும்போது, பின்பக்கம் பாடி நெக்கோடு சேரும் இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழிவு. படத்தில் அது லேசான நிழல் மாதிரிகூடத் தெரியவில்லை. விரல் தானாக அதில் போய் விழுந்தது. அந்தக் குழிவைத் தொட்டபிறகு அந்த வடிவத்தைப் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை, அவரிடம் போய்ச் சொன்னதையும் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

ஹெட்ஸ்டாக் விஷயத்தில் மட்டும் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதன் நுனி அரை அங்குலம் அதிகம் என்பது என் கட்சி. போன வாரம் அந்த அரை அங்குலத்தைக் குறைத்து அட்டையில் வெட்டி அவரிடம் கொடுத்திருக்கிறேன். அசல் மேல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.