விஎம்ல ரேம் ஏத்தியாச்சு, போர்ட்டல்ல ஏன் இன்னும் பழசே காட்டுது?

"அண்ணே, விசென்டர்ல 8 ஜிபிய 16 ஆக்கிட்டேன், விஎம் உள்ள போய் பாத்தா 16 இருக்கு, ஆனா ஆரியா போர்ட்டல்ல 8ன்னே நிக்குதுண்ணே"ன்னு மன்னார்குடிலேர்ந்து தம்பி ஒருத்தர் போன் பண்ணாரு. விஎம்னா ஒரு பெரிய சர்வருக்குள்ள சாஃப்ட்வேரா ஓடற தனி கம்ப்யூட்டர், அந்த சர்வர்தான் ஹோஸ்ட். விஎம்வேர்ல ஹோஸ்ட் எல்லாத்தையும் ஒரே எடத்துலேர்ந்து பாத்துக்கறது விசென்டர், அதுக்கு மேல உக்காந்து ஆளுங்க விஎம் கேட்டு வாங்கற வெப் பக்கம்தான் ஆரியா போர்ட்டல். கும்பகோணம் பக்கம் ஒரு காலேஜ் சர்வர் ரூம நான் பாத்துக்கறேன், இதே கத எனக்கும் பல தடவ நடந்துருக்கு, அதனால எந்த வரிசைல பாக்கணும்னு எழுதிடறேன்.

மொதல்ல ஒரு கால் மணி நேரம் எதையும் தொடாதீங்க. போர்ட்டல் நேரா விஎம்ம பாக்கறது கிடையாது, ஹோஸ்ட் விசென்டர்கிட்ட சொல்லும், விசென்டர்கிட்டேர்ந்து போர்ட்டல் எடுத்துக்கும், ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்கு தண்ணி வர நாளாகும்ல, அது மாதிரி. ஆரியா ஆட்டோமேஷன் 8ல இப்டி விவரம் எடுக்கற டேட்டா கலெக்‌ஷன் 10 நிமிஷத்துக்கு ஒருக்கா ஓடும். பழைய விரியலைஸ் 7 (ஆரியாவோட முந்தின பேரு) வச்சிருந்தா ஆன் ஆஃப் நிலவரம்தான் 15 நிமிஷத்துல வரும், ரேம் சிபியு எல்லாம் இன்வென்ட்டரி கலெக்‌ஷன், அது 24 மணி நேரத்துக்கு ஒரு தடவதான், அவசரம்னா கம்ப்யூட் ரிசோர்ஸ்ல போய் டேட்டா கலெக்‌ஷன்ல ரிக்வெஸ்ட் நவ் குடுங்க.

அப்பவும் வரலன்னா எந்த மதகுல அடச்சிருக்குன்னு பாக்கணும். ஹோஸ்ட்ல நேரா லாகின் பண்ணி அதே விஎம்ம பாருங்க, அப்புறம் விசென்டர்ல பாருங்க. ஹோஸ்ட்ல 16, விசென்டர்ல 8ன்னா ஹோஸ்ட்ல இருந்துக்கிட்டு விசென்டர்கிட்ட பேசற விபிஎக்ஸ்ஏ ஏஜென்ட்ட ரீஸ்டார்ட் பண்ணுங்க, ஆனா பேக்கப், மைக்ரேஷன்னு ஏதாச்சும் டாஸ்க் ஓடிட்டிருந்தா முடியட்டும். ரெண்டுலயும் 16ன்னா பிரச்சனை விசென்டருக்கும் போர்ட்டலுக்கும் நடுவுல.

நடுவுலன்னா நான் மொதல்ல சந்தேகப்படறது போர்ட்டல் விசென்டர்ல லாகின் பண்ற சர்வீஸ் அக்கவுண்ட்டோட பாஸ்வேர்டதான். விஸ்பியர் லோக்கல் டொமைன்ல (விசென்டரோட சொந்த லாகின் லிஸ்ட்) இருக்கற அக்கவுண்ட்டுக்கு மாத்தாம விட்டா 90 நாள்ல பாஸ்வேர்ட் எக்ஸ்பயர் ஆயிடும், போர்ட்டல் பழைய விவரத்தையே காட்டிக்கிட்டு நிக்கும், யாரும் கவனிக்க மாட்டாங்க. இங்க இன்னொரு சிக்கல் இருக்கு, நான் ஒரு மதியம் பூரா இதுல மாட்டிக்கிட்டேன்: விசென்டர்ல பாஸ்வேர்ட மாத்திட்டு சாப்புட போயிட்டேன், அதுக்குள்ள போர்ட்டல் பழைய பாஸ்வேர்டோட தட்டிக்கிட்டே இருந்து அக்கவுண்ட் லாக் ஆயிடுச்சு. 180 செகண்டுக்குள்ள 5 தடவ தப்பா போனா 300 செகண்ட் லாக், இதெல்லாம் டீஃபால்ட். சரியான பாஸ்வேர்ட போட்டாலும் தப்புன்னே சொல்லும், நாம பாஸ்வேர்டுதான் தப்போன்னு திரும்ப மாத்துவோம். அப்டி பண்ணாதீங்க. மாத்தின கையோட போர்ட்டல்ல கிளவுட் அக்கவுண்ட்ட (விசென்டர் லாகின் விவரம் இருக்கற எடம்) தொறந்து புதுச போட்டு வேலிடேட் பண்ணி சேவ் பண்ணுங்க, லாக் ஆயிருந்தா அஞ்சு நிமிஷம் பொறுத்து பண்ணுங்க.

கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீந்து சர்வர் அணைஞ்சு எந்திரிச்சிருந்தா டைமையும் பாருங்க. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் நாள் கணக்கா கரண்ட் இல்ல, நம்ம ஏரியால இது எப்ப வேணா வரும். ரெண்டு பக்கமும் கடிகாரம் ஒத்துப்போகலன்னா லாகின் டோக்கனே (லாகின் ஆனதுக்கு குடுக்கற தற்காலிக சீட்டு) செல்லாது, அதனால நேரம் சொல்ற என்டிபி சர்வர் ரெண்டுக்கும் ஒண்ணா வைங்க.

விஎம்வேருக்கு பதிலா ஓப்பன்ஸ்டாக்ங்கற கிளவுட் சாஃப்ட்வேர் வச்சிருக்கற ஆளுங்களுக்கு மேல சொன்னது எதுவும் உதவாது. அங்க விஎம்மெல்லாம் பாத்துக்கற பாகமான நோவா 600 செகண்டுக்கு ஒருக்கா ஹோஸ்ட்ட பாக்கறது விஎம் ஓடுதா நிக்குதான்னு மட்டும்தான். ஹோஸ்ட்ல நேரா விர்ஷ் எடிட் கமாண்ட்ல போய் ரேம மாத்தினா எத்தன நாள் காத்திருந்தாலும் அது மேல ஏறாது, அதோட யாராச்சும் ஹார்டு ரீபூட் குடுத்தா நோவா தன்கிட்ட இருக்கறத வச்சு விஎம்மோட எக்ஸ்எம்எல் அமைப்பு ஃபைல புதுசா எழுதிடும், நீங்க பண்ணது போச்சு. பெரிய ஃபிளேவர் (ரேம், சிபியு அளவு வச்ச ரெடிமேட் செட்) ஒண்ணு எடுத்து ரீசைஸ் பண்ணி கன்ஃபர்ம் குடுக்கறதுதான் வழி.

டெர்ராஃபார்ம் (சர்வர் அமைப்ப கோடா எழுதி வைக்கற டூல்) வச்சிருந்தீங்கன்னா கையால மாத்தினது அடுத்த அப்ளைல, அதாவது கோட அமல்படுத்தறப்ப, திரும்ப 8க்கே போயிடும். அதனால ரிஃப்ரெஷ் ஒன்லி பிளான் போட்டு என்னென்ன மாறியிருக்குன்னு பாத்துட்டு கோடுலயும் 16ன்னு எழுதுங்க, அப்புறம் சாதா பிளான் போட்டு அதுல மாற்றம் எதுவும் இல்லன்னு வர்ற வரைக்கும் அப்ளை மேல கை வைக்காதீங்க.