மண்டை ஒரு பக்கம் சப்பையா? கழுத்தையும் பாருங்கள்

கைக்குழந்தையின் பின் மண்டை ஒரு பக்கம் சப்பையாகத் தெரிந்தால் வீட்டில் முதலில் வருவது கடுகுத் தலையணை, அப்புறம் குளிப்பாட்டும்போது தலையை அமுக்கி உருட்டிவிடும் வைத்தியம். இரண்டும் வேண்டாம். பல குழந்தைகளுக்குச் சிக்கல் தொடங்குவது கழுத்தில்தான். காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் தசை ஒரு பக்கம் இறுகிவிட்டால் குழந்தை எப்போதும் ஒரே பக்கம் பார்த்துப் படுக்கும், படுக்கையில் அழுந்துகிற இடம் தட்டையாகும். வலது தசை இறுகினால் தலை வலது தோளுக்குச் சாயும், முகம் இடது பக்கம் திரும்பும், சப்பையாவது இடது பின் மண்டை.

குளிப்பாட்டி முடித்து முடி ஈரமாக ஒட்டிக் கிடக்கும்போது, கழுத்தைத் தாங்கி மடியில் உட்கார வைத்து நேர் மேலிருந்து பாருங்கள், ஒரு போட்டோவும் எடுங்கள். படுத்துப் படுத்து வந்த சப்பை என்றால் அந்தப் பக்கக் காதும் நெற்றியும் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும். காது பின்னால் போயிருந்தாலோ, மண்டையில் வரப்பு மாதிரி மேடு தட்டினாலோ, பிறந்ததிலிருந்தே கோணலாக இருந்து போகப் போக மோசமானாலோ அது வேறு கதை. மண்டையோட்டு இணைப்பு சீக்கிரமே மூடிக்கொண்டதா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

கழுத்துக்கு ஒரு கிலுகிலுப்பை போதும். மல்லாக்கக் கிடத்தி முகத்துக்கு நேரே காட்டி மெதுவாக இரண்டு பக்கமும் கொண்டு போங்கள். ஒரு பக்கம் தோள்வரை திரும்பி, மறுபக்கம் பாதியில் நின்றுவிட்டாலோ தலைக்குப் பதில் உடம்பே உருண்டாலோ குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கம் மட்டும் பால் குடிக்க அடம்பிடிப்பதும் ஒரு துப்பு. சில குழந்தைகளுக்கு முதல் வாரங்களில் கழுத்துத் தசையில் சிறு கட்டி தட்டுப்படும். பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும், ஆனாலும் காட்டிவிடுங்கள்.

6, 10, 14 வாரத் தடுப்பூசிக்குப் போகும்போதே கேட்டுவிடலாம், ஆனால் ஊசிக்கு முன்னால் கேளுங்கள், போட்ட பிறகு வீறிடும் குழந்தையின் கழுத்தை யாராலும் திருப்பிப் பார்க்க முடியாது. போட்டோவைக் காட்டி, "இந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குது" என்று நேராகச் சொல்லுங்கள். "வளர வளர சரியாயிடும்" என்று பதில் வந்தால், கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள். கழுத்து இறுகிய குழந்தைகளில் சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியாகப் பொருந்தியிருக்காது, அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பிசியோதெரபியைக் குழந்தைக்கு மூன்று மாதம் ஆவதற்குள் தொடங்கினால் சீக்கிரம் பலன் தெரியும். கழுத்தை நீட்டும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் செய்துகாட்டிய பிறகு செய்யுங்கள், வீடியோ பார்த்து இழுக்காதீர்கள்.

சப்பைக்குப் பயந்து குப்புறத் தூங்க வைக்காதீர்கள். 1994-இல் அமெரிக்காவில் மல்லாக்கத் தூங்க வைக்கும் பிரசாரம் தொடங்கிய பிறகுதான் தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் அங்கே பாதியளவுக்குக் குறைந்தன. குப்புறப் போடுவது விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். படுக்கையில் தலைமாடு கால்மாட்டை மாற்றிப் போட்டு, ஜன்னலும் அம்மா முகமும் குழந்தை திரும்பாத பக்கத்தில் வரும்படி பாருங்கள். தூளியில் தலை ஒரே வாகில் ஒடுங்கிக் கிடக்கும், நாள் முழுக்க வேண்டாம்.

மண்டை வடிவத்தைச் சீராக்கக் குழந்தைக்குப் போடும் ஹெல்மெட்டுக்கு அவசரப்பட வேண்டாம். 2014-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 84 குழந்தைகளில் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இரண்டு வயதில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் கழுத்து இறுகியவர்களையும் மிகக் கடுமையான சப்பை உள்ளவர்களையும் அதில் சேர்க்கவில்லை. ஐந்தாறு மாதமாகியும் கோணல் அதிகமாகவே இருந்தால் அப்போது மருத்துவரிடம் பேசுங்கள். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று கழுத்தைச் சாய்த்து, கூடவே காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.