பேஸ்மேக்கரோடு அழகுச் சத்திரசிகிச்சைக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அது நெஞ்சிலதானே கிடக்கு, இவை வயித்திலதானே வெட்டப் போகினம்?" பேஸ்மேக்கர் வைத்தவர் தழும்பு திருத்தவோ தொங்கிய வயிற்றை எடுக்கவோ போகும்போது வீட்டில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். முதல் தவறு அங்கேதான். கருவிக்குப் பிரச்சினை கத்தியால் வருவதில்லை, டயதர்மியால் வருகிறது.

டயதர்மி என்பது கரண்டால் சதையை வெட்டி இரத்தத்தை நிறுத்தும் கருவி. பெரும்பாலும் பாவிப்பது ஒற்றைமுனை வகை. அதில் கரண்ட் முனையில் புறப்பட்டு, உடலுக்குள்ளால் போய், தொடையிலோ முதுகிலோ ஒட்டிய தகடு வழியாக வெளியேறும். அந்தச் சிக்னலை இதயத்தின் துடிப்பு என்று பேஸ்மேக்கர் எடுத்துக்கொண்டால், தான் துடிப்புக் கொடுப்பதை நிறுத்திவிடும். அதையே நம்பியிருக்கிற இதயத்துக்கு அது பெரிய ஆபத்து. ஐ.சி.டி. (ஆபத்தான துடிப்பு வந்தால் ஷொக் அடித்துச் சரிசெய்யும் நெஞ்சுக் கருவி) என்றால், அப்படியான துடிப்பு வந்துவிட்டதாக நினைத்து மேசையில் வைத்தே ஷொக் அடிக்கலாம். தொப்புளுக்கு மேலே வேலை நடந்தால் இந்தச் சாத்தியம் கூட. முகம், மார்பு, மேல்வயிறு எல்லாம் இதில் அடங்கும். இரட்டைமுனை டயதர்மியில் கரண்ட் இரண்டு முனைகளுக்கு இடையில் மட்டும் ஓடுவதால் ஆபத்து மிகக் குறைவு. அதைப் பாவிக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வன்னியில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தகட்டைத் தழும்பின் மேலோ, உள்ளே உலோகம் உள்ள இடத்திலோ ஒட்டக்கூடாது, தோல் சுடும். போரில் பட்ட செல் துண்டு தொடையில் இருக்கிறவர், எலும்பில் பிளேட் வைத்தவர் அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதினைந்து, இருபது வருடமாக உடம்போடு கிடப்பதைச் சொல்ல மறப்பது சகஜம்தான். ஆனாலும் தகட்டை எங்கே ஒட்டினால் கரண்டின் பாதை நெஞ்சுக் கருவியைத் தொடாது என்று முடிவெடுக்க, இந்த விபரம் இல்லாமல் முடியாது.

அடுத்தது காந்த நம்பிக்கை. "மேலே காந்தம் வைச்சால் சரி" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். பேஸ்மேக்கர் மேல் காந்தம் வைத்தால் பொதுவாக அது கம்பனியைப் பொறுத்து நிமிடத்துக்கு 85 முதல் 100 வரையான நிலையான வேகத்தில் துடிப்புக் கொடுக்கும். ஐ.சி.டி.யில் கதை வேறு. காந்தம் ஷொக்கை மட்டும் நிறுத்தும், துடிப்புக் கொடுக்கும் விதத்தை மாற்றாது. சில கருவிகளைக் காந்தத்துக்கே அசையாதபடி அமைத்திருப்பார்கள். குப்புறப் படுக்க வைத்துச் செய்யும் வேலையில் காந்தம் விலகினாலும் தெரியாது. ஆகவே காந்தம் போதுமா, கணினியால் அமைப்பை மாற்ற வேண்டுமா என்பதைக் கருவியைப் பார்க்கிற இதய வைத்தியர் சொல்லட்டும்.

அப்படி மாற்றினால், திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரை வீட்டுக்கு வெளிக்கிட வேண்டாம். ஷொக் நிறுத்திய ஐ.சி.டி.யோடு ஏ9 வீதியில் பஸ் ஏறுவது, கருவியே இல்லாமல் போவதற்குச் சமம். "திரும்பப் போட்டுவிட்டீர்களா?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

கருவியின் மேல் உள்ள தழும்பையே திருத்த ஆசைப்படுபவர்களும் உண்டு. காறை எலும்புக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்பது சேலைச் சட்டைக்கு மேலால் தெரிவது சங்கடம்தான், அந்த ஆசையில் குற்றமில்லை. ஆனால் தோலுக்குக் கீழே கருவி இருக்கிற பைக்குள் அதன் வயர்களும் சுருண்டு கிடக்கின்றன. தடித்த தழும்புக்கு ஊசி போடுவதென்றாலும் இதய வைத்தியரைக் கேட்காமல் விடக்கூடாது. வயர் உறை கீறுப்பட்டாலோ, பைக்குள் கிருமி போனாலோ, முழுக் கருவியையும் வயரோடு கழற்றவேண்டி வரலாம்.

இரத்தம் கூட ஓடும் என்று பயந்து இரத்தம் உறையாமல் இருக்கத் தந்த வார்பரின், குளோபிடோகிரல் குளிசைகளைத் தாங்களே நிறுத்துவதும் நடக்கிறது. எப்போது நிறுத்துவது, நிறுத்துவதா இல்லையா என்பது ஏன் அந்தக் குளிசை தந்தார்கள் என்பதைப் பொறுத்தது. இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவர் அவசரமில்லாத சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

கருவி கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ, ஏன் கனடாவிலோ வைத்ததாக இருக்கலாம். சத்திரசிகிச்சை சென்னையில் நடக்கலாம். ஒவ்வொரு கம்பனிக்கும் தனித்தனிக் கணினி, மெட்ரோனிக்கின் கருவியை பயோட்ரோனிக்கின் கணினி வாசிக்காது. கருவிக்குத் தந்த அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் போனில் படம் எடுத்து முன்கூட்டியே அனுப்பி, அந்தக் கணினி அங்கே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். பேஸ்மேக்கர் என்றால் கடந்த 12 மாதத்துக்குள், ஐ.சி.டி. என்றால் 6 மாதத்துக்குள் பரிசோதித்திருக்க வேண்டும். பற்றரி முடியப் போகிறதென்று அதில் தெரிந்தால், முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள். வயிறு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.