கழுத்தைச் சுற்றி இடுப்பை அளக்கலாமா? உடையும் காலணியும் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நின்று பார்த்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். பேண்ட் வாங்க வந்தவர் அதன் இடுப்புப் பட்டியைப் பொத்தான் போட்டபடியே மடித்துத் தம் கழுத்தைச் சுற்றிப் பிடிக்கிறார். இரு முனைகளும் பின்கழுத்தில் தொட்டுக்கொண்டால் அளவு சரி என்று பணத்தை எடுக்கிறார். உடை மாற்றிப் பார்க்க அறை இல்லாத சிறு கடைகளில் இந்தப் பழக்கம் பல தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது. கழுத்தின் சுற்றளவு இடுப்பின் சுற்றளவில் பாதி என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படை. இளவயதில், உடல் மெலிந்திருக்கும்போது, பலருக்கு அது ஏறத்தாழப் பொருந்தவும் செய்கிறது. வயிறு போட்ட பிறகு பொருந்தாது. இடுப்பு நான்கு அங்குலம் கூடும்போது கழுத்து இரண்டு அங்குலம் கூடுவதில்லை.

என் தந்தை அந்தச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் ஆல்ட்டரேஷன் மெஷின் வைத்திருந்தார். பள்ளி விட்டதும் அவர் பக்கத்தில் அமர்ந்து தையல் பிரிப்பது என் வேலை. அங்கே வந்து சேரும் உடைகளை அவர் இரண்டாகப் பிரித்து வைப்பார்: ஊசியால் திருத்தக்கூடியவை, ஊசியால் திருத்த முடியாதவை. உடை வாங்கும் ஒவ்வொருவருக்கும் இந்தப் பிரிவு தெரிந்திருந்தால் பாதித் தவறுகள் கடையிலேயே நின்றுவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திருத்த முடியாதவற்றில் முதலிடம் தோள்பட்டைக்கு. சட்டையின் தோள் தையல், நம் தோள் எலும்பு முடிந்து கை தொடங்கும் இடத்தில் அமர வேண்டும். அது கைப்பக்கமாக இறங்கியிருந்தால் இரவல் வாங்கிய சட்டைபோலத் தோன்றும். கழுத்துப் பக்கமாக ஏறியிருந்தால் கையைத் தூக்கும்போதெல்லாம் அக்குள் இழுக்கும். இதைச் சரிசெய்ய வேண்டுமானால் கையையே கழற்றி, தோளை வெட்டி, மறுபடியும் பொருத்த வேண்டும். அந்தக் கூலி சில வேளைகளில் சட்டையின் விலையை எட்டிவிடும். பக்கவாட்டுத் தொளதொளப்பைப் பிடிப்பதும், கை நீளத்தைக் குறைப்பதும், பேண்ட்டின் கால் நீளத்தை மடித்துத் தைப்பதும் எளிது. ஆகவே தோளும் மார்பும் பொருந்தும் சட்டையை எடுத்துக்கொண்டு மற்றதைத் தையல்காரரிடம் விடலாம். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வயிற்றுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தோளை மறந்துவிடுகிறார்கள்.

பெரிதைச் சிறிதாக்கலாம், சிறிதைப் பெரிதாக்குவது உள்ளே விட்டிருக்கும் துணியைப் பொறுத்தது. பேண்ட்டை உட்புறம் திருப்பி, பின் நடுத் தையலின் இருபுறமும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். விரல் அகலத்துக்குத் துணி விடப்பட்டிருந்தால் பிற்பாடு ஓர் அங்குலம் வரை தளர்த்திக்கொள்ள முடியும். ஓவர்லாக் தையலோடு ஒட்ட வெட்டியிருந்தால் அந்த வாய்ப்பு இல்லை. விலை குறைந்த உடையில் முதலில் மிச்சம் பிடிக்கப்படுவது இந்த உள்துணிதான். பளபளப்பான வெளிப்புறத்தில் இது தெரிவதில்லை.

அடுத்த தவறு, லேபிளில் உள்ள எண்ணையே உண்மையான அளவு என்று நம்புவது. சட்டைக் கழுத்தில் ‘40’ என்று இருந்தால், அது மார்புச் சுற்றளவை அங்குலத்தில் குறிக்கலாம். கழுத்துப் பட்டையின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் குறிக்கலாம். அலுவலகச் சட்டைகளில் 39 என்ற எண்ணைக் காண்பவர்கள் வியப்பதுண்டு. அது கழுத்தளவு என்று தெரிந்தால் குழப்பம் தீர்ந்துவிடும். பேண்ட்டிலும் 34 என்று எழுதியிருப்பதை டேப் வைத்து அளந்தால் 36 காட்டுவது சாதாரணம். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வீட்டில் உங்களுக்கு மிகச் சரியாக அமர்ந்திருக்கும் ஒரு சட்டையையும் ஒரு பேண்ட்டையும் தரையில் சுருக்கமின்றி விரித்து, தோள், அக்குளுக்கு அக்குள் மார்பு, சட்டை நீளம், இடுப்புப் பட்டி, தொடை, உட்கால் நீளம் ஆகியவற்றை அளந்து கைப்பேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் எடுக்கும் உடையையும் அதேபோல மேசையில் விரித்து அளந்தால் போதும். அறையும் வேண்டாம், கழுத்தும் வேண்டாம். வீட்டில் ஒரு டேப் இருக்கட்டும். பல ஆண்டு உழைத்த துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும் என்பதால் அதை அவ்வப்போது மாற்றுங்கள்.

துணி வெளுத்தவர்கள் வாழ்ந்ததால் பெயர் பெற்ற பேட்டை எங்களுடையது. கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை இங்கிருந்தவர்கள்தாம் வெளுத்துக் கொடுத்தார்கள். நீர் பட்டால் துணி என்ன செய்யும் என்பதை அறிந்த ஊரில் இருந்துகொண்டும் கோடித்துணியை நனைக்காமல் தைக்கக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கக்கூடும். ரேயான் அதைவிடக் கூடுதலாகவும் சுருங்கும். 40 அங்குல நீளமுள்ள குர்த்தி நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கினால் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். பிளவுஸில் இந்தத் தொல்லை இரட்டிப்பு: மேல்துணி ஒரு விதமாகவும் லைனிங் வேறு விதமாகவும் சுருங்கி, முதல் சலவைக்குப் பின் உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே சுருக்கம் விழுகிறது. லைனிங் துணியையும் சேலை ஃபால்ஸையும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தி, இஸ்திரி போட்ட பின்னரே தையலுக்குக் கொடுக்க வேண்டும். ஆயத்த உடையானால், ஒரு முறை துவைத்த பிறகே கால் நீளத்தை வெட்டச் சொல்ல வேண்டும்.

தைக்கக் கொடுக்கும்போது அளவு ஜாக்கெட் என்று ஒன்றைக் கொண்டுபோவது நம் வழக்கம். அது மூன்று ஆண்டுகளுக்கு முன் தைத்ததாக, இரண்டு பக்கமும் பிரித்து விட்டதாக இருந்தால், அதன் குறைகள் அத்தனையும் புதியதிலும் வரும். எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். டேப் வைக்கும் நேரத்தில் வயிற்றை உள்ளிழுத்துக்கொள்வதும் வேண்டாம். அந்த ஒரு நிமிடத்துக்கு அழகாக இருக்கும். விருந்தில் அமர்ந்து சாப்பிடும்போது கொக்கி தாங்காது.

கண்ணாடி முன் அசையாமல் நின்று பார்த்துவிட்டு வாங்குவதும் தவறே. நம் நாள் அப்படி நின்றபடி கழிவதில்லை. வள்ளலார் நகரில் பேருந்து ஏறிக் கம்பியைப் பிடிக்க வேண்டும், இரு சக்கர வண்டியில் அமர வேண்டும், குனிய வேண்டும், தரையில் சம்மணமிட வேண்டும். ஆகவே கையைத் தலைக்கு மேல் தூக்கி, அமர்ந்து, குனிந்து பாருங்கள். பொத்தானைச் சுற்றிப் பெருக்கல் குறிபோல மடிப்பு விழுந்தால் மார்பு இறுக்கம். தொடையில் குறுக்குக் கோடுகள் விழுந்தால் பேண்ட் இறுக்கம். சென்னையின் புழுக்கத்தில் உடலோடு ஒட்டிய பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது என்பதால், வெளியில் அலைந்து வேலை செய்பவர்கள் பருத்தியில் சற்றுத் தளர்வாக எடுப்பது நல்லது. நிறத்தையும் கோடுகளையும் பற்றி நிறையச் சொல்வார்கள். அளவு சரியாக இருந்தால் அவை இரண்டாம்பட்சம்.

காலணிக்கு வருவோம். இங்கே தவறு வலியாகவே முடிகிறது. உடையைத் திருத்தத் தையல்காரர் இருக்கிறார். ஷூவின் நீளத்தைக் கூட்ட யாராலும் முடியாது. ‘போடப்போடச் சரியாகிவிடும்’ என்று விற்பனையாளர் சொல்வதில் பாதி மட்டுமே உண்மை. நல்ல தோல் அகலத்தில் சற்று இளகிக் கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. ரெக்சின் இரண்டிலும் கொடுக்காது. காலையில் வாங்கிய ஷூ மாலையில் கடிப்பதற்கும் காரணம் உண்டு: நடந்தும் நின்றும் களைத்த பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். ஆகவே மாலையில், அணியப்போகும் அதே சாக்ஸுடன் போய் வாங்க வேண்டும்.

எண்ணிலும் எச்சரிக்கை தேவை. நம் கடைகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் எண்ணே புழங்குகிறது. அதில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் வேறுபாடு. 41, 42 என்று வரும் ஐரோப்பிய எண்ணில் அந்த வேறுபாடு ஏழு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆண்களுக்கான அமெரிக்க எண் 8 என்பது பிரிட்டிஷ் 7க்கு அருகில் வரும். அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, இந்தியர்களுக்கென ‘பா’ என்ற தனி அளவு முறையை முன்மொழிந்திருக்கிறது. நம் பாதங்கள் மேலை நாட்டவரின் பாதங்களைவிட அகலமானவை என்பது அதில் தெரியவந்தது. பக்கவாட்டில் இறுக்கினால் ஓர் எண் பெரிதாக எடுக்கும் பழக்கம் நமக்கு வந்ததற்கு இதுவே காரணம். அப்போது அகலம் பொருந்தும், குதிகால் கழலும்.

வீட்டிலேயே அளந்துவிடலாம். சுவரை ஒட்டித் தாளை வைத்து, குதிகால் சுவரில் படும்படி முழு எடையுடன் நின்று, மிக நீண்ட விரலின் முனையில் மற்றொருவரைக் குறியிடச் சொல்லுங்கள். பலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருக்கும். இரண்டு பாதமும் ஒரே நீளமாக இருப்பதும் அரிது. பெரிய பாதத்தின் நீளத்தோடு ஒரு சென்டிமீட்டர் கூட்டினால் ஷூவின் உள்நீளம் கிடைக்கும். கடையில் உள்அட்டை கழன்று வருமானால் அதை வெளியே எடுத்து அதன்மேல் நின்று பாருங்கள். பாதம் ஓரங்களில் வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கானதல்ல. எத்தனை அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு இரண்டு எண் பெரிதாகப் பள்ளி ஷூ வாங்கி முனையில் பஞ்சு அடைப்பது எங்கள் வீட்டிலும் நடந்தது. என் தம்பிக்கு ஒரு ஜூன் மாதம் அப்படி வாங்கினோம். பாதம் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கியதால் அவன் விரல்களால் அட்டையைப் பற்றிக்கொண்டே நடந்தான். பத்து நாளில் இரு குதிகால்களிலும் தோல் உரிந்து, வெள்ளை சாக்ஸின் பின்பக்கம் துருப்பிடித்த நிறத்தில் கறையாக ஒட்டிக்கொண்டது. அம்மா வெந்நீரில் நனைத்து அந்தச் சாக்ஸைக் கழற்றியதை என்னால் மறக்க முடியவில்லை. வளர்ச்சிக்கு ஒரு விரல் அகல இடம் போதும். விலை குறைந்த ஷூவாக இருந்தாலும் சரியான அளவில் வாங்கி, அரையாண்டில் மறுபடி அளந்து மாற்றுவதே நல்லது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் இதில் எதையும் தம் உணர்வை நம்பித் தீர்மானிக்கக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு ஷூ கடிப்பது தெரியாது. தெரியாததாலேயே இன்னும் இறுக்கமானதைத் தேர்ந்தெடுப்பார். ராயபுரத்தில் 1954இல் பொது மருத்துவமனையாகத் தொடங்கி, 1971 முதல் சர்க்கரை நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை இயங்கிவரும் பகுதி இது, எம்.சி.ஆர். செருப்பு என்றால் இங்கே பலருக்குத் தெரியும். நுண்ணறை ரப்பரால் ஆன அதன் மென்மையான உள்அட்டை பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும். விரலிடுக்கு வார் இல்லாததாக, பின்வார் உள்ளதாக அந்தச் செருப்பை வாங்க வேண்டும். தாளில் பாதத்தின் உருவை வரைந்து வெட்டி, அதை ஷூவுக்குள் வைத்துப் பார்த்தால், எங்கே மடங்குகிறதோ அங்கே கடிக்கும் என்று கண்ணாலேயே அறியலாம். புதிய காலணியை முதல் வாரம் அரைமணி நேரம் மட்டும் வீட்டுக்குள் அணிந்து, கழற்றியதும் பாதத்தில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று வீட்டில் உள்ளவர் ஒருவர் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விலைச்சீட்டையும் பெட்டியையும் அதுவரை எறியாமல் வைத்திருங்கள்.