சேலத்திலிருந்து ஜெர்மனிக்கு: மூட்டை கட்டுவது முதல் வாரக்கடைசிப் பயணம் வரை

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மளிகை, துணி, ஹார்டுவேர் எல்லாம் சனிக்கிழமை இரவோடு அடைத்துவிடுவார்கள். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள், பெட்ரோல் பங்க்குகள் போன்ற சிலவே விதிவிலக்கு, அங்கே விலை கூடுதல். இரவு 10 முதல் காலை 6 வரையிலும், ஞாயிறு முழுவதும் வீட்டில் சத்தம் எழுப்பக் கூடாது. மிக்ஸியும் அதில் அடக்கம். இது தெரியாமல் அங்கே குடியேறும் தம்பதிகளுக்குச் சனிக்கிழமை கடைக்கும் மாவரைக்கவும் போய்விடும், ஊர் பார்க்க நேரம் மிஞ்சாது. வியாழக்கிழமைக்குள் வீட்டு வேலை முடிந்தால்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறலாம். அதற்கான ஏற்பாட்டைச் சேலத்திலேயே ஆரம்பியுங்கள்.

பெயரை முதலில் சரிசெய்யுங்கள்

நம் வழக்கப்படி கணவருக்கும் மனைவிக்கும் அவரவர் அப்பா பெயர்தான் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருக்கும். திருமணச் சான்றிதழில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் விரிந்த பெயர் என்று இருந்தால் விசாவிலிருந்து வங்கிக் கணக்கு வரை ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதியும்போதே இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் எழுதச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் விசாவுக்கு முன்பே அதை மாற்றிவிடுவது நல்லது.

அங்கே போனதும் இதே பெயர் வேறு விதத்தில் குறுக்கே வரும். பெரும்பாலான குடியிருப்புகளில் வீட்டுக்குத் தனிக் கதவு எண் இல்லை. தபால்காரர் பெட்டியில் ஒட்டிய பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். கணவர் பெயரை மட்டும் ஒட்டினால் மனைவிக்கு வரும் வரி எண், வங்கி பின் எண், காப்பீட்டு அட்டை எல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். சாவி கையில் வந்த அன்றே இருவர் பெயரையும் தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று இல்லாமல் பதிய மாட்டார்கள், வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது.

லீ பஜாரில் எதை வாங்குவது, எதை விடுவது

அரிசி, பருப்பு சுமக்காதீர்கள். பெரிய ஊர்களில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் இட்லி அரிசி, உளுந்து, கறிவேப்பிலை வரை கிடைக்கும். லீ பஜாரில் வீட்டுச் சுவைக்கு அரைத்த சாம்பார்த்தூள், ஜவ்வரிசி வடகம், தட்டுவடை வாங்குங்கள். ஏற்காட்டு மிளகும் வறுத்து அரைத்த காப்பித்தூளும் 2 கிலோ வரை வைக்கலாம். காப்பித்தூளைக் கால் கிலோ பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் கட்டி, அங்கே ஃப்ரீசரில் வைத்தால் மணம் நிற்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் கொண்டுபோகத் தடை. நெய், பால்கோவா, பாலில் செய்த இனிப்பு எல்லாம் இதில் வரும். தேன் ஆளுக்கு 2 கிலோ வரை போகலாம், கருவாட்டுக்குத் தடையில்லை. மாம்பழச் சீசனில் கிளம்புகிறவர்கள் மல்கோவாவைப் பெட்டியில் வைக்க ஆசைப்படுவார்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் மாம்பழத்தை உள்ளே விடமாட்டார்கள், பச்சைக் கறிவேப்பிலைக்கும் இதே விதிதான். துபாய், அபுதாபி வழியாகப் போகிறவர்கள் கசகசாவை மூட்டையில் சேர்க்கவே கூடாது. அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள், குருமா மசாலாத் தூளில் கலந்திருந்தாலும் சிக்கல்தான். கொப்பரையை எண்ணெய்ப்பசையால் தீப்பிடிக்கும் பொருளாகக் கருதி இங்கேயே விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும்.

பாத்திரம் வாங்க காந்தம் எடுத்துப் போங்கள். அங்கே வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால், அது காந்தம் ஒட்டும் அடியை மட்டுமே சூடாக்கும். அலுமினிய குக்கர் வேலைக்கு ஆகாது. எவர்சில்வர் என்பதாலேயே எல்லாமும் ஆகாது, நிக்கல் கலந்த எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. குக்கரைக் கவிழ்த்து அடிநடுவில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், இறுகப் பிடித்தால் வாங்குங்கள். அடி குறுகலான காப்பிப் பாத்திரத்தை அடுப்பு கண்டுகொள்ளாமலும் போகலாம். தோசைக்கல் தட்டையாக இருக்க வேண்டும். நடுவில் குழிந்த கல் கண்ணாடி அடுப்பில் ஒரு பக்கம் கருகும், இன்னொரு பக்கம் வேகாது.

மின்சாரம் இங்கேபோல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மிக்ஸி அப்படியே ஓடும், பிளக்தான் வேறு. எர்த் இணைப்புள்ள அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். எர்த் இல்லாத மலிவான அடாப்டரில் மிக்ஸி போடுவது ஆபத்து. கிரைண்டர் எடைக்குக் கட்டாது.

ஒருவர் பெட்டி எடைபோடும் நேரத்தில் மற்றவர் புது ஷூவைப் பழக்கலாம். ஐரோப்பிய நகரத்தை ஒரு நாள் சுற்றினால் கல் பாவிய தெருவில் 15 கிலோமீட்டர் சாதாரணமாக நடக்க வேண்டியிருக்கும். ஏற்காடு ஏரியிலிருந்து பகோடா பாயிண்ட் வரை நடந்து திரும்புங்கள். குதிகாலில் கொப்புளம் வந்தால் அந்த ஷூ வேண்டாம். ஏற்காட்டுக் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டர் அங்கே அக்டோபருக்குத்தான் தாங்கும். உள்ளே போடும் தெர்மல் மட்டும் இங்கே வாங்கி, கனமான கோட்டை அங்கேயே வாங்குங்கள்.

வார நாள் ஒழுங்கு

மாவை புதன் சாயங்காலம் 8 மணிக்குள் அரைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் வெளியே வைத்தால் இரண்டு நாளானாலும் பொங்காது. ஓவனைச் சூடேற்றாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். கடையில் பானம் வாங்கும்போது ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், கேன் ஒவ்வொன்றிலும் 25 சென்ட் முன்பணம் இருக்கிறது. நசுக்காமல் சேர்த்து வைத்து, அடுத்த முறை கடைக்குப் போகும்போது இயந்திரத்தில் போட்டால் ரசீது வரும்.

சாம்பார் கொதித்த ஆவி, அறைக்குள் காயும் துணி இரண்டும் சேர்ந்தால் சன்னல் ஓரச் சுவரில் பூஞ்சை கருப்பாகப் படரும். காலி செய்யும்போது அதற்கான செலவை டெபாசிட்டில் பிடிப்பார்கள். சன்னலை லேசாகச் சாய்த்து நாள் முழுக்க விடுவதால் சுவர்தான் குளிரும். காலையிலும் சமைத்த பிறகும் ஐந்து முதல் பத்து நிமிடம் முழுசாகத் திறந்து மூடுங்கள்.

வாரக்கடைசி

முதல் மூன்று மாதத்துக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதாந்திர டிக்கெட் போதும். 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. ஆளுக்கு ஒன்று வேண்டும், தம்பதிக்குச் சேர்த்து ஒன்று என்பது இல்லை. நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ, ஆர்.இ., ஆர்.பி., எஸ்-பான் என்ற வட்டார ரயில்களில் செல்லும். ஐ.சி.இ., ஐ.சி. என்ற தொலைதூர விரைவு ரயில்களில் செல்லாது, தெரியாமல் ஏறினாலும் அபராதம்தான். மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கும். நிறுத்த வேண்டுமானால் 10ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

இதே டிக்கெட்டில் எல்லை வரை போகலாம், சில இடங்களில் எல்லை தாண்டியும். மியூனிக்கிலிருந்து ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரையும், சுவிட்சர்லாந்து மண்ணில் உள்ள பாசல் பாடிஷர் நிலையம் வரையும் செல்லும். எல்லையோரக் கேல் நிலையத்தில் இறங்கி, தனியே டிக்கெட் எடுத்து டி வழித்தட டிராமில் ரைன் நதியைக் கடந்தால் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க். பாசலில் போன் டேட்டாவை அணைத்துவிடுங்கள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் ரோமிங் கட்டணம் ஏறலாம்.

தூரப் பயணத்துக்கு ஐ.சி.இ. ரயிலில் சூப்பர் ஷ்பார்பிரைஸ் என்ற மலிவு டிக்கெட் எடுப்பார்கள். பணம் திரும்பாது, குறித்த ரயிலில்தான் போக வேண்டும். போய்ச்சேர 20 நிமிடமோ கூடுதலோ தாமதமாகும் என்று தெரிந்தால் வேறு ரயிலில் ஏறலாம். 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடத்துக்கு 50 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். பலர் ஏமாறுவது ஒரு இடத்தில்தான்: வீட்டிலிருந்து பெரிய நிலையம் வரை மாதாந்திர டிக்கெட், அங்கிருந்து தனியாக ஐ.சி.இ. என்று எடுப்பார்கள். முதல் ரயில் தாமதித்து ஐ.சி.இ. போய்விட்டால் அந்த டிக்கெட் அவ்வளவுதான். அடுத்த ரயிலைப் பிடிக்க ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள், அல்லது முழு வழிக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

மலிவு விமானத்தில் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். ஃபிராங்க்பர்ட்-ஹான் நிலையம் ஃபிராங்க்பர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், பாரீஸ்-பொவே சுமார் 85 கிலோமீட்டர். பேருந்துக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால் ரயிலே மலிவாக இருக்கும்.

தங்களுக்குள் எல்லைச் சோதனையைப் பொதுவாக நீக்கிய ஷெங்கன் நாடுகளுக்குள் குடியிருப்பு அனுமதி அட்டையும் பாஸ்போர்ட்டும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி எல்லா நில எல்லைகளிலும் சோதிக்கிறது, ரயிலுக்குள்ளேயே கேட்பார்கள். மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் மொத்தம் 90 நாள்தான் தங்கலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை.

சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதமோ புளிசாதமோ கட்டிக்கொள்ளுங்கள். சைவம் என்றால் ‘வெகேட்டாரிஷ்’ என்று கேளுங்கள், சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று தனியாக விசாரியுங்கள். பல நிலையக் கழிப்பறைகளில் காசு கேட்பார்கள், ரயிலில் இலவசம், இறங்குமுன் போய்விடுங்கள். ஊர் ஊராகப் பார்த்து அலுத்த வாரத்தில் ஹாம் நகருக்குப் போகலாம். ஈழத்தமிழர் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் 2002இல் அங்கே திறக்கப்பட்டது, கோடை தொடங்கும் நேரத்தில் தேர் ஓடும்.

வீட்டுக்குப் போன் பேச ஞாயிறு காலை நல்லது. கோடையில் சேலம் மூன்றரை மணி நேரம் முந்தி, குளிர்காலத்தில் நாலரை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கடிகாரம் மாறும். அன்று காலை ரயில் பிடிக்கிறவர்கள் சுவர்க் கடிகாரத்தை விட்டு போனைப் பாருங்கள்.